வீட்டுப் பாராளுமன்றம்

“அரசாங்கம் நினைச்ச உடனை ஒரு ஆமிக்காரனையும் வெளிநாட்டுக்கு அனுப்ப ஏலாது. பாராளுமன்றம் கை தூக்கவேணும். ஜெர்மனியின்ரை சட்டம் அது” என்றார் சிற்றம்பலம்.

“அதுதான் வியாழக்கிழமையே தூக்கியிட்டினம். பிறகென்ன?” என்றாள் குணேஸ்வரி.

பிறகு இருந்தது. மகன் கவிஷன் கட்டாய இராணுவச் சேவைக்குப் போனவன். கொசோவோவில் நிற்கும் அமைதிப்படைக்கு, அவனாக விரும்பிக் கையெழுத்து வைத்தால்தான் அனுப்பலாம். படிவத்தைத் திங்கள் காலை முகாமில் கொடுக்கவேண்டும். இன்று ஞாயிறு.

“ஆமிக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள்” என்றாள் குணேஸ்வரி. “பெத்த பிள்ளையை ஆமியோட அனுப்பவோ?”

“இது சண்டை பிடிக்கிற ஆமி இல்லையப்பா. ரெண்டு பகுதிக்கும் நடுவிலை நிக்கிற ஆமி” என்றார் சிற்றம்பலம்.

“நடுவிலை நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கத்தாலையும் விழும்.”

ஹம் நகரில் பாதித் தமிழருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் சிற்றம்பலம். எதையும் ஒழுங்காகச் செய்தால் சரியாக முடியும் என்று நம்புகிறவர். மகன் கொசோவோ போகிறான் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

“என்னோட நிண்ட எல்லாரும் கையெழுத்து வைச்சிட்டாங்கள். நான்தான் மிச்சம்” என்றான் கவிஷன். “எனக்குப் போக விருப்பம். வீட்டிலை என்ன சொல்லுறியள்?”

“அப்ப எங்கடை வீட்டிலையும் வாக்கெடுப்பு. இரகசியமா” என்றார் சிற்றம்பலம். “பெரும்பான்மை எப்பிடியோ, அப்பிடி.”

“பெரும்பான்மை காணாதப்பா. ஒரு ‘இல்லை’ விழுந்தாலும் நான் போகேல்லை. அம்மாவை அழவிட்டிட்டுப் போக ஏலாது.”

பிள்ளையின் குணத்தை நினைத்து சிற்றம்பலத்துக்குப் பெருமையாக இருந்தது.

“போகலாம், ஆனா குசினியிலை சமையலுக்கு மட்டும்தான் நிக்கவேணும் எண்டு எழுதலாமோ?” என்று கேட்டாள் குணேஸ்வரி.

“பாராளுமன்றத்திலையும் திருத்தம் போட ஏலாது. ஓம், இல்லை. அவ்வளவுதான்.”

ஒரு தாளை நாலாகக் கிழித்தார். அவரும் மகள் ஆதிரையும் நீலப் பேனையால் எழுதினார்கள். குணேஸ்வரி சாமான் பட்டியல் எழுதும் சிவப்புப் பேனையை எடுத்தாள். கவிஷன் சட்டைப்பையிலிருந்த பென்சிலால் எழுதி, முதல் ஆளாக மடித்து மேசையில் போட்டான்.

ஆதிரை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றாவதில் கொஞ்சம் நின்றாள்.

“மூண்டு ஓம். ஒரு இல்லை.”

“நான்தான்” என்றாள் குணேஸ்வரி உடனே. “அதுக்கு இப்ப என்ன?”

ஆதிரை தாயைப் பார்த்தாள். பிறகு துண்டுகளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

“நீர் ஒரு ஆள் காணும், பிள்ளையின்ரை காலைக் கட்டிப்போட” என்று சிற்றம்பலம் தொடங்கினார். “அவன் முகாமிலை என்னெண்டு தலை நிமிர்ந்து நிக்கிறது?”

“தாய் விடேல்லை எண்டு சொல்லட்டும்.”

“வெக்கமாயில்லையோ?”

“எனக்கென்ன வெக்கம்.”

நாலரை ரயிலுக்குப் புறப்படும்போது, சாப்பாட்டுப் பொதியை நீட்டிய தாயின் கையைப் பிடித்த கவிஷன் விட நேரமெடுத்தான். “ரயில் போயிடும், ஓடு” என்றாள் அவள்.

சிற்றம்பலம் மனைவியுடன் பேசாமல் மேசைக்கு வந்தார். எந்தக் கடதாசியையும் எறிந்து பழக்கமில்லாதவர். துளை போட்டுக் கோப்பில் வைப்பதற்காக நாலு துண்டுகளையும் விரித்து அடுக்கினார்.

சிவப்பில் எழுதியிருந்தது, ‘ஓம்’.

‘இல்லை’ பென்சிலில் இருந்தது.