நல்ல கால்

இடது காலில் நின்று, கைகளை இடுப்பில் ஊன்றி, வலது கால் விரல்களால் மரப்பெட்டியை முன்னே தள்ளினாள் இங்வில். என் மகள், பதினைந்து வயது.

இடது முழங்கால் நடுங்கியது. போன இலையுதிர் காலத்தில் ஆட்டத்தில் தசைநார் அறுந்து, தைத்த கால். பெட்டி ஐம்பத்தெட்டு சென்டிமீட்டரில் நின்றது.

நான் தரையில் மண்டியிட்டு அளவுநாடாவைப் பார்த்து எழுதிக்கொண்டேன். எங்கள் ஊரில் பிள்ளைகளின் கால்பந்துக்கு எல்லா வேலையும் பெற்றோர் தலையில்தான். ஒருத்தர் ஆட்டத்தன்று விற்க வாஃபிள் சுடுவார், ஒருத்தர் கோல் வலை தைப்பார். இரண்டு வருடமாக எனக்கு வாய்த்தது இந்த நாடா.

நிற்கிற கால் எவ்வளவு உறுதியோ அவ்வளவு தூரம் பெட்டி போகும். இரண்டு காலுக்கும் வித்தியாசம் நாலு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆட விடமாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கத் தலைநகர் ஓஸ்லோவின் பெரிய கிளப்பிலிருந்து வருகிறார்கள்.

கால் மாற்றினாள். இப்போது நல்ல காலில் நின்று தள்ளினாள். ஐம்பத்தொன்பது.

"ஒரே ஒரு சென்டிமீட்டர்! சனிக்கிழமை நீ இறங்குறடி!" என்று கத்தினார் பயிற்சியாளர் தோர்கெய்ர்.

இங்வில் சிரித்தாள். ஒன்பது மாதமாக அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை, இருபதாவது நிமிடம். யாரும் மோதவில்லை. பந்தோடு திரும்பினாள், விழுந்தாள். அதே முழங்கால்.

இந்த முறை குருத்தெலும்பும் போயிருந்தது. இனி ஓடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் வெளியே போனார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கால்ல நிக்கும்போது வேணும்னேதான்ப்பா கம்மியா தள்ளினேன். உன்னை ஏமாத்திட்டேன்."

ஏங்கி ஏங்கி அழுதாள். கால் போனதைவிட அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

போன வருடத் தாளில் அந்த நல்ல காலுக்கு அறுபத்தாறு என்று இருந்தது. எழுதியது நான். அளந்த அன்றும் அந்தத் தாள் என் கையிலிருந்த அட்டையில், புதுத் தாளுக்கு அடியிலேயே இருந்தது. பெட்டி ஐம்பத்தொன்பதில் நின்றபோது, அவளைத் தாங்கி நின்ற வலது முழங்கால் பாதிகூட மடங்கவில்லை; முழுமூச்சாகத் தள்ளினால் அது நன்றாக மடங்கும். தரையோடு தரையாக இருந்த நான் அதைப் பார்த்தேன்.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் தலையைத் தடவி, மன்னித்துவிட்டேன் என்றேன்.