பத்தடி தூரம்

“கம்பு வளையவே கூடாது சார். வளைஞ்சு குடுக்கறதெல்லாம் வீட்டோட வெச்சுக்கங்க,” என்றார் தூண்டில் கடைக்காரர். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரித்ததாகப் பேர் பண்ணினான்.

மறுநாள் அவனுக்குப் பிறந்தநாள். ஞாயிறு தவறாமல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவனிடம் இருப்பது ஒரே ஒரு பழைய கம்பு. புதிதாக ஒன்று வாங்கித் தந்தே தீருவேன் என்று மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் அவள் ஆசைப்பட்டு வாங்கித் தரும் முதல் பொருள்.

அந்தப் பழைய கம்பு இதுவரை தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போவது இன்னொருத்தியிடம். மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாரம் முழுக்க நடந்ததைச் சொல்லுவான். திரும்பும் வழியில் மார்க்கெட்டில் ஒரு விரால் மீன் வாங்குவான். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று தலையைக்கூட வெட்ட விடாமல் முழுசாக.

அவள் அவனிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. யோசித்தால் அவள்தான் முதலில் வந்தவள். ஆனாலும், “பழசெல்லாம் முடிஞ்சு போச்சு” என்று கல்யாணத்துக்கு முன் மனைவியிடம் வாக்குக் கொடுத்தவனும் அவனேதான்.

“எவ்வளவு தூரத்துல வீசுவீங்க சார்?”

அவன் கம்புகளைப் பார்த்தபடி இழுத்தான். “அது வந்து… இடத்தைப் பொறுத்து…”

“தூரமெல்லாம் கிடையாதுண்ணே,” என்றாள் மனைவி. “கிட்டத்துலதான். பத்தடிகூட இருக்காது. ஒரே இடத்துல உட்கார்ந்துடுவார். அசையவே மாட்டார்.”

இவளுக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக அடித்துவிடுகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

“அப்ப நீளக் கம்பு எதுக்கு, தோள்ல வெச்சு ஊர்வலம் போகவா?” கடைக்காரர் குட்டையான, விறைப்பான ஒரு கம்பை எடுத்து அவன் கையில் திணித்தார். “கிட்டத்துல புடிக்கறப்ப விரால் செடிக்கு நடுவுலதான் பதுங்கியிருக்கும். கடிச்ச உடனே உள்ள ஓடும். தூண்டில் கயிறுக்கு மெல்லிசு நரம்பு போட்டீங்க, பட்டுனு அறுந்துடும். இதோ, பின்னின நரம்பு. நல்லா தடியா இருக்கு பாருங்க. முள்ளு மேலுதட்டைத் துளைச்சதும் ஒரே இழுப்பு, ஆள் வெளிய!”

அவன் நரம்பை விரலில் சுற்றிப் பார்த்தான். தெரிந்தவன் மாதிரி தலையாட்டினான்.

“இன்னொண்ணு சார். கிட்டத்துல நிக்கறவன் சத்தமே காட்டக் கூடாது. நிழலும் மேல விழக் கூடாது.”

“ஏண்ணே, மேலுதடு ஓட்டையாயிடுமா?” என்று கேட்டாள் மனைவி.

“பின்னே? முள்ளு குத்தினா ஓட்டை விழாதா?”

“எங்க வீட்டுக்கு வர்ற மீன் ஒண்ணுல கூட ஓட்டை இருந்ததில்லையே. நான்தானே கழுவறேன்.”

“அப்ப சார் முத்தம் குடுத்துப் புடிக்கறார் போல!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான்.

பத்து மாதத்தில் நாற்பது மீனாவது இருக்கும். ஒவ்வொன்றின் வாயையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சமைத்துப் போட்டிருக்கிறாள். “இன்னிக்கு ரொம்ப நேரம் போக்கு காட்டிடுச்சு இது” என்று கதை சொல்லிக்கொண்டே அவனும் சாப்பிட்டிருக்கிறான். அந்தக் கதைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கையிலிருந்த கம்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“கம்பு வேண்டாம்மா. போலாம்.” சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஆமா, வேண்டாம்தான்.” கம்பை அவனிடமிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தாள். “அண்ணே, அந்த மடக்கு ஸ்டூல்ல ரெண்டு எடுங்க.”

“ரெண்டா? நீங்களும் தூண்டில் போடப் போறீங்களாம்மா?”

“கூட உட்காரத்தான்.”

தெருவுக்கு வந்தார்கள். எதிரில் போகிறவர்கள் எல்லோரும் தன் முகத்தைப் பார்ப்பது போலிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

“மீன்ல சந்தேகம் முதல் மாசமே வந்துடுச்சு. போன மாசம் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டுப் போனீங்களே, குடுத்துடலாம்னு பின்னாடியே வந்தேன். பத்தடி தள்ளித்தான் நின்னேன். நீங்க அவங்ககிட்ட பேசிக்கிட்டே இருந்தீங்க. திரும்பவே இல்ல.”

“அப்பவே வந்து சட்டையைப் பிடிச்சிருக்கலாமே.”

“என்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தீங்க. நல்லபடியாத்தான் சொன்னீங்க. நடுவுல வந்து கெடுப்பானேன்?”

ஒரு ஸ்டூலை அவன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“ரெண்டு எதுக்கு?” என்றான், இன்னும் தலை நிமிராமல்.

“அக்கா கல்லறைகிட்ட உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லையே.”