சனிக்கிழமைப் பிழை

"மிஸ், எனக்கு வேற சோடி போட்டுத் தாங்க."

வகுப்பு கலைந்ததும் றம்லத் மேசையடிக்கு வந்து நின்றார். கண்டி நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கே பேசினாலும் கடைக்குரல்தான்.

"ஏன் ராத்தா, பெற்றீசியாவுக்கு என்ன?" என்று கேட்டாள் ஷாமலா.

"என்னவா? கிழமைக்குக் கிழமை பிழை விடுறா. மஃரிப் தொழுதிட்டு எழும்ப ஏலாது, ஃபோன் அடிக்குது. இங்க வந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு என்னால இரிக்க ஏலாது."

ஃபோன் விஷயம் ஷாமலா போட்ட சட்டம். சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி உண்டு. வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லை அவள் 'வால்' என்பாள். 'லுக்'குக்கு 'ஆஃப்டர்' வால் வந்தால் பராமரிப்பது. 'ஃபோர்' வால் வந்தால் தேடுவது. வாலை மாற்றிப் பூட்டியவர் அன்று பின்னேரம் தன் சோடிக்கு ஃபோன் எடுத்து, சரியான வசனத்தை ஐந்து தரம் சொல்ல வேண்டும்.

பெற்றீசியா தவறாமல் மாற்றிப் பூட்டினார். இன்றைக்கும் எழும்பி நின்று, "ஐ லுக் ஃபோர் மை ஃபாதர்" என்றார்.

"அப்பாவைத் தொலைச்சிட்டீங்களா அன்ட்டி?" என்றான் பின்வரிசை வாங்கில் இருந்த பஹ்மி. வகுப்பே சிரித்தது. றம்லத் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"சரி ராத்தா. வார கிழமை மாத்திடுவோம்" என்றாள் ஷாமலா.

பஸ் நிலையத்தில், குண்டசாலை பஸ்ஸுக்காகப் பெற்றீசியா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அவரிடம் பேராதனைப் பூங்காவுக்கு வழி கேட்டது.

பெற்றீசியா ஆங்கிலத்தில் சொன்னார். எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது, எதைக் கடந்து நடப்பது, இறங்கும் இடத்தைத் தவற விட்டால் எப்படித் திரும்பி வருவது. மூச்சு விடாமல் சொன்னார். ஒரு வால்கூடப் பிசகவில்லை.

அவர்கள் நன்றி சொல்லிப் போன பிறகுதான் பின்னால் ஷாமலா நிற்பதைக் கண்டார்.

"டுபாயில வெள்ளைக்கார வீட்டுல பிள்ளை பாத்தேன் மிஸ். ரொம்ப வருசம்" என்றார் மெதுவாக.

"அப்ப எதுக்கு நம்ம வகுப்பு?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆளுங்க இருக்காங்க. சனிக்கிழமைக்கு யாருமில்ல."

"சரி. பிழை எதுக்கு?"

பெற்றீசியா கைப்பையின் வாரைத் திருகினார்.

"மொத தடவை நிசமாவே நாக்கு தடுமாறிடுச்சு மிஸ். ராத்தாவுக்கு எடுத்து, அஞ்சு தரம் சொல்லிட்டு வைக்கப் போனேன். 'சோறு திண்டாச்சா?'னு கேட்டாங்க. என்னைய அப்படி ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலமாச்சுன்னே தெரியல. அப்புறம் கொஞ்ச நேரம் பேசினோம். அவங்க புள்ளைங்க எல்லாரும் கட்டார்லயாம். மெசேஜ்தான் வருமாம்."

"அதுக்காகப் பிழை விடணுமா? சும்மா எடுங்களேன்."

"சும்மா எடுத்தா என்ன விசயம்னு கேப்பாங்களே. விசயம் ஒண்ணும் இல்லியே மிஸ்."

ஷாமலா தயங்கினாள். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"ராத்தா சோடியை மாத்தச் சொல்லியிருக்காங்க."

குண்டசாலை பஸ் வந்து நின்றது. பெற்றீசியா ஏறவில்லை. அதைப் போக விட்டார்.

"அவங்களுக்குத் தொந்தரவுன்னா மாத்திடுங்க மிஸ். நான் கவனிக்காம இருந்துட்டேன்."

அடுத்த சனிக்கிழமை பெற்றீசியாவின் முறை வந்தது. எழும்பினார். வசனத்தைச் சொன்னார். சரியாகச் சொன்னார். தலையைத் தூக்காமல் உட்கார்ந்தார்.

"அன்ட்டி பாஸ்" என்று பஹ்மி மேசையில் தட்டினான். இரண்டொருவர் கைதட்டினார்கள்.

றம்லத் பக்கத்தில் இருந்த பெற்றீசியாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, உங்கட முறை. 'செருப்பைக் கழற்றினேன்'னு ஆங்கிலத்துல சொல்லுங்க" என்றாள் ஷாமலா.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாலும் பிசகாதவர் றம்லத். எழும்பி நின்று, கடைக்குரலில் சொன்னார்.

"ஐ புட் ஒஃப் மை ஸ்லிப்பர்ஸ்."

ஷாமலா நிமிர்ந்தாள். "புட் ஒஃப் இல்ல ராத்தா. டேக் ஒஃப். புட் ஒஃப்னா பிறகு செய்வோம்னு தள்ளிப் போடுறது."

"செருப்பை எத்தனாம் திகதிக்குத் தள்ளிப் போட்டிருக்கீங்க ராத்தா?" என்றான் பஹ்மி.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. றம்லத் சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, ஆறுதலாக உட்கார்ந்தார்.

வகுப்பு கலைந்தது. எல்லோருக்கும் முன்னால் பெற்றீசியா படியிறங்கிப் போய்விட்டார். ஷாமலா புதுச் சோடிகளின் பெயரை எழுதப் பேனையை எடுத்தாள்.

"மாத்த வேணாம் மிஸ்" என்றார் றம்லத்.

"நீங்கதானே ராத்தா கேட்டீங்க?"

"கேட்டேன்தான். ஃபோன்ல அவ ஒரு நாளும் பிழை விட்டதில்ல மிஸ். என்னோட பேசுறதுக்காக இங்க நின்டு சிரிப்பு வாங்குறா எண்டு எனக்கு விளங்காதா? சோடி மாறினாலாவது அந்தச் சிரிப்பு நிக்கும்னு பார்த்தேன்."

தோளில் சரிந்த முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை கடைக்குரல் இல்லை.

"இனி நான் பிழை விடுறேன். அவட நம்பரை மட்டும் தாங்க மிஸ். இவ்வளவு நாளும் அவதானே எடுத்தா, கடைசியா வந்த நம்பரை எப்படித் தேடி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியா."