எண்பத்து மூன்றாம் பக்கம்

"இந்த ஆள் எழுதறதெல்லாம் ஒரு நாவலா சார்?"

பல் டாக்டரம்மா இப்படிக் கேட்டபோது டைப்பிஸ்ட்டின் வாய்க்குள் இரண்டு கருவி, ஒரு குழாய், ஒரு பஞ்சு உருண்டை. பதில் சொல்ல இடமில்லை.

"ஆ... ஆங்..." என்றார்.

"நீங்களும் ஒத்துக்கறீங்கல்ல. இன்னும் கொஞ்சம் திறங்க."

கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாக டைப்பிஸ்ட் அவர். கொலை வழக்குத் தீர்ப்புகளை டீயை உறிஞ்சிக்கொண்டே அடித்துத் தள்ளுகிற ஆள். பல் டாக்டரின் ஊசியைக் கண்டால் மட்டும் தொடைநடுங்கி. இதே கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு டாக்டர்களிடம் ரூட் கெனால் ஆரம்பித்து, வலி அடங்கிய மறுநாளே கம்பி நீட்டியவர்.

"இந்தத் தடவையும் பாதியில விட்டா பல்லே போயிடும். மூணு வாரம், மூணு தடவை வந்தே ஆகணும்," என்று மனைவிதான் இழுத்து வந்திருந்தாள்.

படிவத்தையும் அவளே நிரப்பினாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா இல்லையா. கடைசியில் 'உங்களுக்கு எது என்றால் உயிர்?' என்று ஒரு கேள்வி. பல் ஆஸ்பத்திரியில் இது எதற்கு என்று இருவருக்கும் புரியவில்லை. அவள் யோசிக்காமல் எழுதினாள்: 'நான் இல்லை. மர்ம நாவல் எழுதுகிறாரே, அவர்தான்.' பக்கத்தில் எழுத்தாளரின் பெயரையும் போட்டாள்.

பொய்யில்லை. அவருடைய இருபத்தேழு நாவல்களையும் டைப்பிஸ்ட் கரைத்துக் குடித்தவர். துப்பை முதல் அத்தியாயத்திலேயே கண்ணெதிரே போட்டுவிட்டு, கடைசிப் பக்கம் வரை நம்மை அசடாக்கத் தெரிந்த ஒரே எழுத்தாளர் என்பது அவருடைய கட்சி.

மரத்துப்போன வாயோடு வீடு திரும்பியவர் அன்று ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை.

"கொலைகாரன் யாருன்னு மூணாம் பக்கத்திலேயே தெரிஞ்சிடுதாம். அந்த அம்மாவுக்கு என்ன திமிர் பாரு."

"அப்போ அடுத்த வாரம் போவீங்களா?"

"போகாம? பதில் சொல்லாம விட்டா தோத்துட்டதா ஆயிடும்."

இரண்டாவது வாரம் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றார்.

"டாக்டர், மூணாம் பக்கத்துல தெரியறவன் கொலைகாரனே இல்ல. நம்மளை ஏமாத்த அவர் வைக்கிற பொம்மை. நிஜக் கொலைகாரங்க வாக்குமூலத்தை டைப் அடிக்கிறவன் நான். இவர் கதையில பேசற மாதிரியேதான் அவங்களும் பேசறாங்க, அவ்வளவு பணிவா."

"அப்படியா. உட்காருங்க, வாயைத் திறங்க."

ஊசி போனதே அவருக்குத் தெரியவில்லை.

"பன்னிரண்டாவது நாவலை எடுத்துக்கோங்க," என்றார் டாக்டரம்மா பல்லைக் குடைந்தபடி. "எண்பத்து மூணாம் பக்கத்துல கொலைகாரன் இடது கையால சாவியை எடுக்கறான். நூத்திப் பத்துல வலது கை. இதைக்கூடக் கவனிக்காத ஆளைத் தலையில தூக்கி வச்சு ஆடறீங்க."

டைப்பிஸ்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. எண்பத்து மூன்றில் அவன் வலது கையில் கட்டுப் போட்டிருந்தான். அந்தக் கட்டு பொய். கதையின் துப்பே அதுதான்.

"ஆ... ஆங்... ஆ..."

"வலிக்குதா?"

தலையாட்டினார். வலித்தது பல்லில் இல்லை.

மூன்றாவது வாரம் அவர் கையில் நான்கு பக்க மறுப்பு இருந்தது. தீர்ப்பு அடிக்கிற அதே பாணியில், பத்திக்குப் பத்தி எண் போட்டு, கடைசியில் 'மேற்கூறிய காரணங்களால் எழுத்தாளர் குற்றமற்றவர்' என்று முடித்திருந்தார்.

டாக்டரம்மா பல்லுக்குத் தொப்பி மாட்டி, கடித்துப் பார்க்கச் சொல்லி, கையைக் கழுவிவிட்டு அதை வாங்கினார். முதல் பத்தியைப் படித்தார்.

"நீங்க சொல்றதுதான் சார் சரி. பெரிய எழுத்தாளர்தான்."

டைப்பிஸ்ட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "மீதி மூணே முக்கால் பக்கம் இருக்கே டாக்டர்?"

"பல்லு முடிஞ்சுதே சார். இனிமே நீங்க வர வேண்டாம்."

ஜெயித்துவிட்டோம் என்று மாடிப்படி இறங்கினார். பாதியில்தான் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறினார். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டாக்டரம்மா நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா? முதல்ல அந்தப் புது நாவலை எடு. அவர் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு மூணு வாரமா ஒளிச்சு ஒளிச்சுப் படிச்சிட்டிருக்கேன். இந்த நாலு பக்கத்தையும் அதுக்குள்ளயே பத்திரமா வை. என்ன அருமையா எழுதியிருக்கார்."

டைப்பிஸ்ட் அப்படியே நின்றார். பிடிக்காத புத்தகத்தில் பக்க எண் எப்படி அத்துப்படியாக இருக்கும் என்று ஒரு நாளாவது கேட்கத் தோன்றியதா? துப்பு கண்ணெதிரேதான் கிடந்திருக்கிறது. அவர் நாக்கு தானாகப் போய்க் கடைவாய்ப் பல்லைத் தொட்டது. பல் இருந்தது.

உள்ளே நர்ஸ் அடுத்த படிவத்தைப் பார்த்துச் சொன்னாள். "இவர் மூணு டாக்டர்கிட்டயிருந்து ஓடினவராம் மேடம். உயிர்னு கேட்ட இடத்துல, பூனைன்னு எழுதியிருக்கார்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "பூனையா? வீட்ல ரெண்டு வளர்க்கறேனே... சரி, மூணு வாரத்துக்கு எனக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. என் கோட்டுல ஒட்டியிருக்கற முடியைத் தட்டி விட்டுட்டு, அவரை உள்ள வரச் சொல்லு."