ஸ்தென்காவின் சம்மதம்

பிராக் நகரை ஆண்ட ஜெர்மானியர் செக் தேசிய இசைக்குத் தடை போட்டிருந்தார்கள். பியானோ கலைஞர் ஓட்டகர் அதை வாசிக்கத் துடித்தபோதெல்லாம், வயலின் வாசிக்கும் மனைவி ஸ்தென்கா மறித்தாள்.

“நம்ம பையன் ராடெக் அவங்க சிறையில இருக்கான். பேசாம அவங்க கேக்கறத வாசிங்க.”

“பயந்தாங்கொள்ளி!”

இன்று மேடையேறும் முன் அவளே சொன்னாள்: “நம்ம நாட்டு இசையையே வாசிப்போம்.”

ஓட்டகரின் முகம் மலர்ந்தது. “சிறைக்குப் போனியே, பையன விட்டுடறாங்களா?”

“காலையிலயே சுட்டுட்டாங்களாம். சட்டைய மட்டும் குடுத்தாங்க.”

அவள் மேடையேறி வயலினை வாசிக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் ஜெர்மன் அதிகாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சற்றுத் தாமதமாகப் பியானோவும் சேர்ந்துகொண்டது.