மஹர்ப் பவுன்

"சோதிக்கத் தேவையில்ல பத்தர். அது கள்ளக்காசு, எனக்குத் தெரியும். இதே ராசா தலை போட்ட நல்ல பவுன் ஒண்டு இரிந்தா தாங்க."

அபுல் ஹஸன் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நாணயத்தைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார். உடனே திரும்பி வாசலைப் பார்த்தார். கல்முனைக் கடைத்தெருவில் அவரைத் தெரியாதவர் யார்? நாலு மணிக்கு மனைவி சுபைறா மகள் வீட்டிலிருந்து வந்துவிடுவாள். அதற்குள், இதை எடுத்து வந்த அவளுடைய அலுமாரிச் சிமிழுக்குள் ஒரு நல்ல பவுன் இருந்தாக வேண்டும்.

"இருங்க ஹாஜியார்" என்றார் நகைக்கடைப் புண்ணியமூர்த்திப் பத்தர்.

"இன்னும் ஹாஜியாராகல்ல. புதன்கிழமைதான் பயணம்."

"நாலு நாள் முந்திக் கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிரும்? கள்ளக்காசு எண்டு எப்படித் தெரியும்?"

அபுல் ஹஸன் உட்கார்ந்தார். எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"நான்தானே வாங்கின. திருகோணமலைத் துறைமுகத்தில, கப்பல்காரன் ஒருத்தனிட்ட, கால்வாசி விலைக்கு. மஹருக்கு இங்கிலிஸ் பவுன் தாறம் எண்டு வாப்பா சபையில சொல்லிப்போட்டார். நிக்காஹ்வுக்கு மூணு நாள். கையில அவ்வளவு இல்ல. வாங்கக்குள்ளயே பாரம் குறைவு எண்டு தெரிஞ்சிது. தெரிஞ்சுதான் குடுத்தன்."

"நாப்பது வருஷம் இருக்குமே."

"நாப்பத்திரண்டு. மஹர் எண்டது பொஞ்சாதிக்குக் குடுக்கவேண்டிய கடன் பத்தர். கள்ளக்காசு குடுத்தா கடன் தீருமா? இந்தக் கடனோட நான் எப்படிக் கஃபாவைப் பார்க்கிற?"

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வாரமாக வீடுவீடாக ஏறி இறங்கினார். வரப்புச் சண்டை போட்டவனிடமும் கேட்டாயிற்று. கடைசியாக நேற்று சுபைறாவிடம் கேட்டார். அவள் சிரித்தாள்.

"நீங்க எனக்கு ஒரு குறையும் வைக்கல்ல. நான்தான் சூறாவளியோட அந்தக் காப்பைத் தொலச்சிட்டன். அதுக்கு நீங்க எனக்கு மாப்புத் தாங்க."

எழுபத்தெட்டாம் ஆண்டுக் கதை அது. உரலில் பட்டு நெளிந்த காப்பு. முற்றத்து மணலை மூன்று நாள் சலித்தும் கிடைக்கவில்லை. காற்று கொண்டுபோன ஒரு காப்புக்காக அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கிறாள். அவருக்கோ காசைப் பற்றிச் சொல்ல வாய் எழவில்லை. இரவு முழுக்கப் புரண்டார்.

பத்தர் நாணயத்தைக் கருங்கல்லில் போட்டார். 'ணங்' என்று எழுந்த ஓசை நீண்டு அடங்கியது. சின்னத் தராசில் வைத்து நிறுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, குதிரைக்காரன் உருவம் பதித்த பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கள்ளக்காசு எண்டா வார்த்து எடுத்திருப்பான். அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். விளிம்பு வரி ஒண்டோட ஒண்டு ஒட்டும். இதில ஒண்டும் இல்ல. இது நல்ல பவுன்."

"பயணம் போற மனுசனைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்றீங்களா?"

"பொய் சொல்லி ஒரு பவுன் யாவாரத்தைக் கெடுக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்ல ஹாஜியார். நீங்க கடைசியா இதை எப்ப பார்த்தீங்க?"

மகளின் கல்யாணத்தில், பெருநாட்களில், சுபைறா அதை எடுக்கும்போதெல்லாம் அபுல் ஹஸன் வேறு பக்கம் பார்த்தே பழகியவர்.

பத்தர் மேசை லாச்சியைத் திறந்து, துருப்பிடித்த டொபி மிட்டாய் டின் ஒன்றைக் கிளறி ஒரு காசை எடுத்து வைத்தார். அதே ராசா தலை. விளிம்பில் முலாம் உரிந்து பித்தளை தெரிந்தது. கல்லில் போட்டார். சட்டைப் பொத்தான் விழுந்த சத்தம்தான் வந்தது.

"நீங்க வாங்கின காசு இதுவா?"

அபுல் ஹஸன் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கட கைக்கு எப்படி வந்த?"

"சூறாவளி அடிச்சு ரெண்டு நாளால ஒரு மனிசி கொண்டு வந்தா. பிஞ்சுபோன கூரைக்கு ஓடு வாங்க விக்கணும் எண்டா. கள்ளக்காசு எண்டு சொன்னன். அழுவா எண்டு பார்த்தன், அழல்ல. 'கூரைக்குத் தென்னங்கிடுகு போதும். இதே தலை போட்ட நல்லதொண்டு தாங்க. நாளைக்கு இது மகள்ட கைக்குப் போகும். அப்ப அவர ஒருத்தரும் குறை சொல்லப்படாது' எண்டா. பேர் சொல்லமாட்டன். சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா."

"மாத்துறதுக்கு என்ன தந்தா?"

"கையில கிடந்த காப்பைக் கழட்டித் தந்தா. உரல்ல பட்டு நெளிஞ்ச காப்பு."

அபுல் ஹஸன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மூன்று நாளும் அவர் மணலை அள்ளி அள்ளிக் கொட்ட, எதிரே காப்பில்லாத வெறுங்கையால் அரிதட்டைப் பிடித்துச் சலித்துக்கொண்டிருந்தவள் சுபைறாதான்.