பச்சைப் பொட்டு

"முப்பது கிலோதான் காட்டுது சார். முப்பத்தஞ்சு வேணும். எட்டு ஸ்பிரிங்கும் பேசிவெச்ச மாதிரி சொத்தை!"

மெக்கானிக் அழுத்திக்கொண்டிருந்த கைப்பிடியை விட்டான். அமுங்கிக் கிடந்த வால்வு ஸ்பிரிங் துள்ளி நிமிர்ந்தது. அதற்கு அடியில் இருந்த எடை மெஷினின் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

எடை மெஷின் அவளுடையது. படுக்கையறையிலிருந்து அவளே ஷெட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். "அது எதுக்கு? வேற எங்கயாவது இரவல் கேக்கலாமே" என்று கணவர் தடுத்தும் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. கணவரின் பழைய காருக்கு எங்குமே கிடைக்காத அந்த ஸ்பிரிங்குகளை, அலைந்து திரிந்து வாங்கி வந்தவன் அவள் தம்பி. வெத்துவேட்டு என்று இந்த வீட்டில் பெயர் எடுத்தவன். இன்றோடு அந்தப் பெயர் ஒழியும் என்று நம்பியிருந்தாள்.

"இதையே போட்டா என்ன ஆகும்?" என்றாள்.

"வேகமா போறப்ப வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்து முட்டும். இஞ்சின் அம்பேல். உங்க தம்பி நல்லா மிளகா அரைச்சிருக்காருக்கா, சார் தலையில."

கணவர் தலையைத் தடவிக்கொண்டார். "பரவாயில்லப்பா. மாட்டிடு."

மெக்கானிக் வாயைப் பிளந்தான். கதவுத் தாழ்ப்பாளின் ஸ்பிரிங்கைக்கூட அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்த பிறகே மாட்டுகிற மனுஷர் அவர். பெயின்ட் டப்பாவும் பிரஷும் மேசைமேல் இப்போதும் காத்திருந்தன.

"பேசறது நீங்கதானா சார்?"

"என் கணக்குல சரியாத்தான் இருக்கு. மாட்டுன்னா மாட்டு."

அவளுக்குச் சுருக்கென்றது. மச்சான் மானத்தைக் காப்பாற்றுகிறாராம்! திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையை அல்லவா இனி ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்?

"என் தம்பிக்கு யாரும் பிச்சை போட வேணாம். மெஷினே தப்பா இருந்தா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது, எந்த மெஷினைச் சொல்கிறோம் என்று.

போன வருடம் அதன்மேல் நின்று, எழுபதைப் பார்த்து உடைந்து அழுதாள். கணவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் ஷெட்டுக்குள் போய்விட்டார். அந்த வைராக்கியத்தில் சர்க்கரையை விட்டாள். ஒரே வாரத்தில் முள் அறுபதுக்கு இறங்கியது. அது தந்த தெம்பில்தான், வாசலைத் தாண்டவே கூசியவள் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். நாலு பேர் எதிரில் சிரித்துப் பேசினாள். தையல்காரி மட்டும் ஏனோ இன்னமும் பழைய அளவிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கைப்பழக்கம் மாறவில்லை என்று விட்டுவிட்டாள்.

தம்பியா, அந்த முள்ளா?

"அதோ மூலையில சிமென்ட் மூட்டை. பிரிக்காதது, அம்பது கிலோ. வெச்சுப் பாரு" என்றாள்.

"வேணாம் வேணாம்!" கணவர் குறுக்கே பாய்ந்தார். "கனம்டா, இடுப்பு பிடிச்சுக்கும்!"

மெக்கானிக் அதற்குள் தூக்கி வைத்துவிட்டான்.

முள் நாற்பத்துமூன்றில் நின்றது.

"அட! உங்க தம்பி சொக்கத் தங்கம்க்கா. மெஷின்தான் டுபாக்கூர்!"

தம்பி ஜெயித்துவிட்டான். அவளுக்குக் கண் கரித்தது. மனசு வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுவே கணக்குப் போட்டது. அறுபது போய் மறுபடியும் எழுபது. ஒரு வருடத்துத் தைரியம் மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"பழசாச்சுல்ல. உள்ள ஏதாவது தளர்ந்திருக்கும்" என்றாள்.

"தளர்ந்தா கூடத்தானே காட்டணும்? இது குறைச்சுல்ல காட்டுது!" மெக்கானிக் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினான்.

கணவர் திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வருமா என்று வானத்தை ஆராயத் தொடங்கினார்.

அடித்தகடு கையோடு வந்தது. உள்ளே தடிமனாக, புத்தம் புதிதாக ஒரு ஸ்பிரிங். அதன் உச்சியில், பச்சைப் பெயின்டில், ஒரு பொட்டு.